முதலில் விழிப்பது யார்? பிள்ளையின் பகல் நித்திரையும் எங்கள் வீட்டுப் பதற்றமும்

எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறிய நாள் அது. காலை பத்தரை மணி இருக்கும். எட்டு மாதமான என் மகள் அப்போதுதான் பாயில் நித்திரையாகியிருந்தாள். கோயில் பக்கம் வெடி கொளுத்தினார்கள். குசினியில் நின்ற அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். விறாந்தையில் எழுதிக்கொண்டிருந்த நான் மடிக்கணினியைக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பினேன். அம்மா அறைக்குள் நுழைந்தபோது பிள்ளை என் கையில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.

அன்று காலை அவள் நித்திரை கொண்டது 20 நிமிடங்கள் மட்டுமே. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் ஏறக்குறைய இப்படித்தான் கழிந்தன. பகலில் நாலைந்து துண்டு நித்திரை, ஒன்றும் அரை மணி நேரத்தைத் தாண்டாது. பின்னேரமானால் காரணம் தெரியாத அழுகை. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழும்புவாள். “நாவூறு பட்டிருக்கு” என்றார் அம்மா. “பால் காணாது போலை” என்றார் அயல்வீட்டு அக்கா. நான் பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு கையால் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதக் கிளினிக்கில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன். அவர் பிள்ளையை நிறுத்தார், வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் நிறைக்கோட்டைப் பார்த்தார். நிறை சரியாகவே கூடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

“பகலிலை பிள்ளை எழும்பேக்கை, முதல்லை முழிக்கிறது ஆர்? பிள்ளையோ, நீங்களோ?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வெடிச் சத்தம் கேட்ட அந்தக் காலை நினைவுக்கு வந்தது. வெடி பிள்ளையை எழுப்பவில்லை, அவளை எழுப்பியது நாங்கள்.

பகல் நித்திரை எதற்கு?

“பகலிலை படுக்க விடாட்டில் இரவிலை நல்லாப் படுக்கும்” என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரியவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பிறந்ததிலிருந்து 3 மாதம் வரையான குழந்தைக்கு ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலங்கள் நித்திரை தேவை. 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணித்தியாலங்கள். 1 வயதிலிருந்து 2 வயது வரை 11 முதல் 14 மணித்தியாலங்கள். இவை பகல் நித்திரையையும் சேர்த்த கணக்கு. பகலில் ஒழுங்காக நித்திரை கொள்ளாத எட்டு மாதக் குழந்தையால் இந்தக் கணக்கை இரவில் மட்டும் எட்டுவது கடினம்.

நித்திரையை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடலில் சேர்ந்துகொண்டே போகும் நித்திரைத் தேவை. பசியைப் போன்றதுதான் அது. கைக்குழந்தைக்குப் பால்பசி எப்படி அடிக்கடி வருகிறதோ, நித்திரைப் பசியும் அப்படியே. மற்றது, பகல் எது, இரவு எது என்று சொல்லும் உடலின் உள்மணிக்கூடு. பிறந்த குழந்தைக்கு அந்த மணிக்கூடு இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. 2 முதல் 4 மாதங்களுக்கிடையில்தான் அது மெல்ல மெல்ல ஒழுங்காகிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களில் “நேரத்துக்குப் படுக்கிறாளில்லை” என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த வயதில் பிள்ளைக்கு நேரம் என்ற ஒன்றே கிடையாது.

நித்திரைப் பசி வந்த நேரத்தைத் தவறவிட்டால் பிள்ளை களைத்து விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது அநேகமாக அதற்கு எதிர்மாறானது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை துள்ளும், வளைந்து நெளியும், காரணமில்லாமல் அழும். நித்திரையானாலும் சிறிது நேரத்தில் எழும்பிவிடும். பின்னேர அழுகைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

அரை மணி நேரத்தில் எழும்புவது ஏன்?

நித்திரை ஒரே சீரானதல்ல. ஆழ்ந்த நித்திரையும் லேசான நித்திரையும் மாறி மாறி வரும். பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடங்கள். கைக்குழந்தைக்கு 50 நிமிடங்களுக்கு அண்மையில். லேசான கட்டத்தில் பிள்ளை புரளும், முனகும், முகத்தைச் சுளிக்கும், சில வேளை கண்ணைக்கூடத் திறக்கும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கிட்டத்தட்ட விழித்தே விடும்.

அந்த ஓரிரு நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். யாரும் தொடாவிட்டால் பல தடவைகளில் பிள்ளை தானாகவே அடுத்த சுற்றுக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்துத் தூக்கினால், இன்னும் முடியாத நித்திரையிலிருந்து அதைப் பிடுங்கி எடுக்கிறோம். அதனால்தான் அப்படி எழுப்பப்பட்ட பிள்ளை சிரித்துக்கொண்டு எழும்பாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் ஆலோசனை எளிமையானது. பிள்ளை அசைந்தவுடன் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முனகலா, அழுகையா என்று கேளுங்கள். அழுதால் போங்கள். முனகினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

வாசிக்கும்போது இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் யாராலும் பொறுக்க முடியவில்லை. முதல் நாள் நான் கதவடியில் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். 40 செக்கனில் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஒரு நிமிடம் ஆவதற்குள் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினார்.

“பிள்ளையை உப்பிடிப் போட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியே” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்று பின்னேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நல்லா நித்திரைகொள்ள விடாத காலம்

என் தம்பி 2008 ஏப்ரலில் பிறந்தவன். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது நாங்கள் ஏற்கெனவே விசுவமடுவில் ஒரு தறப்பாளின் கீழ் இருந்தோம். அங்கிருந்து சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். விசுவமடுவை விட்டபோது தம்பிக்கு ஒன்பது மாதம். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவின் கை ஓய்ந்தால் அவனைச் சுமந்தது நான்தான்.

பேசாமலிருந்த அந்த நாளின் இரவு, பிள்ளை நித்திரையான பிறகு அம்மாவாகவே தொடங்கினார்.

“நித்திரையிலை கிடக்கிற பிள்ளையைத் திடீரெண்டு தூக்கிக்கொண்டு ஓடினால் வீரிட்டுக் கத்தும். முழிச்சிருக்கிற பிள்ளை எண்டால் கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொள்ளும். அதாலை நான் அவனைப் பகலிலை நல்லா நித்திரைகொள்ள விடுறேல்லை. கண் அயர்ந்தால் கன்னத்திலை தட்டுவன்.”

பக்கத்துத் தறப்பாளில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு வரிசையில் போய் நின்ற ஒரு தாயைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் அந்தத் தாயின் முகம் நினைவிருக்கிறது.

இப்படியான ஆயத்தநிலையை உளமருத்துவம் மிகை விழிப்பு என்கிறது. ஆபத்து நீங்கிய பின்னரும் உடல் தொடர்ந்து காவல் காக்கும். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும், கதவை நோக்கியே இருக்கச் சொல்லும், ஆழ்ந்து நித்திரைகொள்ள விடாது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்கு வராதவர்களிடமும் இந்தப் பழக்கம் மீந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். கூட்டு மனவடு என்பது அவர் வலியுறுத்திய சொல். அந்தச் சொல்லைப் பல கட்டுரைகளில் நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அது என் வீட்டில் பிள்ளையின் பாய்க்கருகில் நிற்கிறது என்று அதுவரை யோசிக்கவில்லை.

இதை அம்மாவின் குற்றமாகவோ என் குற்றமாகவோ எழுதவில்லை. அன்று அந்தப் பழக்கம் சரியானது. தம்பி இப்போது உயர்தரம் படிக்கிறான். கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பப்பட்ட பிள்ளை அவன். ஆனால் அன்று அவனைக் காத்த அதே பழக்கம் இன்று என் மகளின் நித்திரையைக் கலைக்கிறது. அவளுக்கு ஷெல் என்றால் என்னவென்று தெரியாது. தூக்கும் கை பதறுவதும், தோளில் போட்டவரின் நெஞ்சு படபடப்பதும் மட்டும் தெரியும். சத்தம் கேட்டால் பயப்பட வேண்டும் என்பதை அவள் எங்களிடமிருந்து பழகக்கூடும்.

என் நிலைமை பலருடையதை விட இலகுவானது என்பதையும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி 2017ஆம் ஆண்டிலிருந்து வீதியோரத்தில் இருந்த ஒரு தாய், இன்று பேரப்பிள்ளையை வளர்க்கிறார் என்றால், “பிள்ளையைத் தனியக் கிடத்திப்போட்டு வெளியிலை வாங்கோ” என்று அவரிடம் சொல்வது எளிதல்ல. சொல்லவும் தேவையில்லை. பிள்ளைக்கருகில் இருந்துகொண்டே தூக்காமல் இருக்கலாம். நாங்கள் செய்ததும் அதைத்தான்.

நாங்கள் செய்து பார்த்தவை

*மூன்று நாள் கொப்பி.* எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாட்கள் எழுதி வைத்தோம். எழும்பிய நேரம், படுத்த நேரம், யார் எழுப்பியது. மூன்றாம் நாள் பார்த்தபோது இரண்டு விடயங்கள் தெளிவாகத் தெரிந்தன. காலை ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளையை நாங்கள் பத்து மணிக்குப் பிறகுதான் படுக்க வைக்கிறோம். மூன்று நாட்களில் 13 பகல் நித்திரைகளில் 8 எங்கள் கையால் முடிந்திருக்கின்றன.

*விழித்திருக்கும் நேரம்.* பிறந்த குழந்தை ஒரு மணித்தியாலமளவே தாக்குப்பிடிக்கும். 4 மாதத்தில் ஒன்றரை முதல் 2 மணித்தியாலம், 6 முதல் 9 மாதத்தில் 2 முதல் 3 மணித்தியாலம், ஒரு வயதளவில் 3 முதல் 4 மணித்தியாலம். இது பொதுவான அளவுதான், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மணிக்கூட்டை விடப் பிள்ளையின் முகத்தை நம்புங்கள். பார்வை ஓரிடத்தில் குத்திநிற்கும், கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும், விளையாட்டுச் சாமானிலிருந்து முகத்தைத் திருப்பும். கொட்டாவி வந்து அழத் தொடங்கிவிட்டால் கொஞ்சம் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். என் மகளுக்கு எட்டு மணி தாண்டியதும் காதில் கை போகிறது என்பதை இரண்டு மாதமாக நான் கவனிக்கவே இல்லை.

*எத்தனை தரம்?* 4, 5 மாதங்களில் பகலில் மூன்று அல்லது நான்கு நித்திரை. 6 மாதம் தாண்டியதும் மூன்றாகி, 9 மாதமளவில் இரண்டாகும். ஒன்றரை வயதை அண்மித்து ஒன்றாகும். எட்டு மாதமளவில் பிள்ளை தவழப் பழகும், தாயை விட்டுப் பிரிந்தால் அழத் தொடங்கும். அந்த நாட்களில் ஒழுங்காகப் படுத்த பிள்ளையும் குழம்பும். அது சில வாரங்களில் கடந்து போகும்.

*ஒரே ஒழுங்கு.* படுக்க வைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒரே வரிசையில் ஒரே வேலைகள். நாங்கள் முகம் துடைத்து, துணி மாற்றி, யன்னல் சீலையை இழுத்து விட்டு, பால் கொடுத்து, அம்மா ஒரே ஓராட்டைப் படிப்பார். பால் குடித்தபடியே நித்திரையானாலும் பிழையில்லை. பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது, ஆனால் அடுத்து என்ன வரப்போகிறது என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். எல்லா நித்திரையையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். காலையில் வரும் முதல் நித்திரையை மட்டும் ஒரு வாரம் பிடியுங்கள். அதுதான் இலகுவானது.

*வெக்கை.* தகரக் கூரையின் கீழ் நண்பகல் நித்திரை பெரியவர்களுக்கே கடினம். தகரத்தின் மேல் கிடுகு போட்டால் வித்தியாசம் தெரியும். அறை வெக்கையாக இருந்தால் விறாந்தையிலோ மரநிழலிலோ பாய் போட்டு, நுளம்பு வலையால் மூடி, அருகில் ஒருவர் இருக்கலாம். பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். தொப்பி, காலுறை வேண்டாம். வெக்கையாக இருக்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள்.

*வெளிச்சமும் சத்தமும்.* காலையில் எழும்பியதும் பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டு போங்கள், அந்த வெளிச்சம் உள்மணிக்கூட்டைச் சரிப்படுத்தும். படுக்கும் நேரம் அறை மங்கலாக இருக்கட்டும். சத்தம் வேறு கதை. பிள்ளை படுத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சையடக்கி நடப்போம், கிசுகிசுத்துப் பேசுவோம். அதுவும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். அந்த அமைதியில் ஒரு கோப்பை விழுந்தாலே பிள்ளை திடுக்கிடும். இப்போது அம்மா தேங்காய் திருவுகிறார், மின்விசிறி சுற்றுகிறது, நான் தொலைபேசியில் பேசுகிறேன். சாதாரண வீட்டுச் சத்தத்தில் அவள் படுக்கப் பழகிவிட்டாள்.

*மம்மல் பொழுது.* விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை படுக்கக்கூடாது என்று எங்கள் முன்னோர் சொன்னதில் ஒரு நன்மை இருக்கிறது. கடைசிப் பகல் நித்திரை பின்னேரம் நாலரை ஐந்துக்குள் முடிந்தால் இரவு நித்திரை பிந்தாது.

ஏணை, தலையணை, பாணி மருந்து

ஏணையில் வளராத பிள்ளை எங்கள் ஊரில் குறைவு. ஆடினால் பிள்ளை அடங்கும் என்பது உண்மை. ஆனால் சேலை ஏணையில் சின்னக் குழந்தையின் தலை முன்னுக்கு மடிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை நெருங்கிவிடும். புரளவும் எழும்பி இருக்கவும் பழகிய பிள்ளைக்குச் சேலை கழுத்தில் சுற்றும் ஆபத்தும், விழும் ஆபத்தும் உண்டு. ஏணையில் ஆட்டுவதானால் பார்த்துக்கொண்டே ஒருவர் இருக்க வேண்டும். நித்திரையானதும் பாய்க்கு மாற்றுவதே பாதுகாப்பு.

ஒரு வயது வரை பிள்ளையை நிமிர்த்தி, மல்லாக்கக் கிடத்துங்கள். கட்டியான சமதரைப் படுக்கை வேண்டும். அந்த வகையில் துணி விரித்த எங்கள் பாய் மிக நல்லது. தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை எதுவும் அருகில் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் சின்னத் தலையணையும் வேண்டாம். பிள்ளையை நெஞ்சில் போட்டபடி கதிரையில் நீங்கள் கண்ணயர்ந்துவிடாதீர்கள். களைத்த தாய்மாருக்கு இது நடக்கிறது, பிள்ளை நழுவி மூச்சடைக்கக்கூடும். அறைக்குள் நுளம்புச்சுருள், சாம்பிராணிப் புகையும் வேண்டாம். நாவூறு கழிப்பதானால் முற்றத்தில் கழியுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுத வேண்டும். தடிமன் பாணி மருந்து கொடுத்தால் பிள்ளை படுக்கும் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். ஓடித் திரிந்த காலத்தில் பிள்ளை அழுது காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்று அப்படிக் கொடுத்தவர்களின் கதைகளையும் கேட்டிருக்கிறேன். அந்த இக்கட்டை யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இன்று வேண்டாம். அந்த மருந்துகளில் சில கைக்குழந்தையின் மூச்சைப் பாதிக்கக்கூடியவை. நித்திரைக்காக எந்தப் பாணியையும் கொடுக்காதீர்கள்.

தாயின் நித்திரை

இந்த ஒழுங்கெல்லாம் வீட்டில் இன்னொரு பெரியவர் இருப்பவர்களுக்கு இலகு. சட்டப்படி தனியார் துறையில் பிரசவ விடுமுறை 84 நாட்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாய், பிள்ளையின் உள்மணிக்கூடு ஒழுங்காகத் தொடங்கும் காலத்தில்தான் வேலைக்குத் திரும்புகிறாள். பிறகு அம்மம்மாவோ பெரியம்மாவோ பார்க்கிறார். அப்படியானால் அந்தப் பத்து நிமிட வரிசையை மட்டும் இருவரும் ஒரே மாதிரிச் செய்தால் போதும். அதே துணி, அதே பாட்டு. ஆள் மாறினாலும் வரிசை மாறாவிட்டால் பிள்ளை பழகிக்கொள்ளும். தனித்து வளர்க்கும் தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிள்ளை படுக்கும் முதல் இருபது நிமிடம் சட்டி பானையைத் தொடாதீர்கள், நீங்களும் சரியுங்கள்.

பிள்ளை நித்திரையான பிறகும் தாயால் கண்மூட முடியவில்லை, எதிலும் விருப்பமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வெறும் களைப்பு அல்ல. மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கண்டறிய 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட சிறு படிவம் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடும் எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

பிள்ளையைப் பொறுத்தவரை, நித்திரையில் பலத்த குறட்டை, மூச்சு நின்று நின்று வருதல், நிறை கூடாமை, பாலுக்குக்கூட எழும்பாத அளவு அயர்ந்து கிடத்தல் ஆகியவை இருந்தால் ஒழுங்கு பழக்கிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே போக வேண்டும்.

இப்போது

நாலு வாரமாகிறது. மகள் காலை எட்டரைக்கும் மத்தியானம் ஒரு மணிக்கும் படுக்கிறாள். நல்ல நாளில் ஒன்றேகால் மணித்தியாலம். சில நாட்களில் இன்னும் அரை மணித்தியாலம்தான். பின்னேர அழுகை குறைந்துவிட்டது. இரவில் இரண்டு தரம் எழும்புகிறாள், அது இந்த வயதுக்கு இயல்பு.

அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்க எங்களுக்கு உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. பிள்ளை அசைந்தால் தூக்காமல், பக்கத்தில் இருந்து நெஞ்சில் மெல்லக் கையை வைப்பது. கை பிள்ளைக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும்தான். அவள் மூச்சு சீராக ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரியும்போது எங்கள் மூச்சும் மெல்ல இறங்கி வருகிறது. முதல் வாரம் அம்மாவின் கை நடுங்கியது. என் கையும்தான்.

போன கிழமை கோயிலில் தேர். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மறுபடி வெடி கொளுத்தினார்கள். நான் எழும்பிவிட்டேன். கதவடியில் பாயைப் போட்டு அரிசி கிளைந்துகொண்டிருந்த அம்மாவும் சுளகை இறுகப் பிடித்தார். ஆனால் எழும்பவில்லை. உள்ளே பிள்ளை ஒரு தரம் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டாள். பிறகு தலையை மறுபக்கம் திருப்பினாள்.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினார்.

“பொறு பிள்ளை,” என்றார். “கோயில் வெடிதான். அவ படுக்கட்டும்.”